வீட்டு கேம் சர்வரில் வெளியூர் நண்பர்கள் ஏன் சேர முடியவில்லை?

சேலம் சூரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் போட்டிருக்கிறார். அதே வீட்டில் தங்கையின் லேப்டாப்பிலிருந்து சேர முடிகிறது. ஆனால் அம்மாபேட்டையில் இருக்கும் நண்பர், ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் இருக்கும் சித்தப்பா மகன், சென்னையில் படிக்கும் இன்னொரு நண்பர் ஆகிய மூவருக்கும் 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்றே வருகிறது. வீடியோ பார்த்து போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) செய்தாயிற்று, ஃபயர்வாலை (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்) அணைத்தும் பார்த்தாயிற்று, பலனில்லை. இனி என்ன செய்வது?

முதல் வேலையாக அந்த ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிடுங்கள், தம்பி. அதை அணைத்துவிட்டு உட்கார வேண்டிய தேவை எந்த கேமுக்கும் கிடையாது. எப்படிச் சரியாகத் திறப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், ஒன்றன்பின் ஒன்றாக செட்டிங்கை மாற்றுவதை நிறுத்துங்கள். நண்பரின் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் சர்வருக்கு வரும் வழியில் நாலைந்து இடங்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் கை வைத்தால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

தங்கை சேர முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதிப் பதில். சர்வர் ஓடுகிறது, இருவரின் கேம் பதிப்பும் ஒன்றாக இருக்கிறது, வீட்டு நெட்வொர்க்குக்குள் கம்ப்யூட்டர் கதவைத் திறக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. தங்கையும் சேர முடியாமல் இருந்திருந்தால் வெளியே தேடுவதில் அர்த்தமே இல்லை. அப்போது ஜாவா பதிப்பைப் பார்க்க வேண்டும், 1.18 முதல் 1.20.4 வரை ஜாவா 17, 1.20.5-இலிருந்து 1.21 வரிசை முழுக்க ஜாவா 21 தேவை. சர்வர் ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் 'சர்வர் ஐபி' என்ற வரி காலியாக இருக்க வேண்டும், அதையும் பார்க்க வேண்டும். தங்கையின் லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தெரியாது. உங்களுக்கு இவை எதுவும் பிரச்சினை இல்லை.

அடுத்தது, நண்பர்களுக்கு வரும் செய்தி. பலர் அதைப் படிக்காமலேயே 'கனெக்ட் ஆகல' என்று மட்டும் சொல்வார்கள். வார்த்தைக்கு வார்த்தை கேட்டு வாங்குங்கள். 'அன்நோன் ஹோஸ்ட்' என்றால் முகவரியைத் தப்பாக அடித்திருக்கிறார்கள், அல்லது அந்தப் பெயருக்கு ஐபி (எண் வடிவ முகவரி) கிடைக்கவில்லை. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் ஏதோ ஒரு மெஷின் வரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஆனால் அந்த போர்ட்டில் (கம்ப்யூட்டருக்குள் நுழைய எண்ணிட்ட வாசல்) யாரும் இல்லை: சர்வர் ஓடவில்லை, போர்ட் எண் தப்பு, அல்லது ரவுட்டரே மறுத்துவிட்டது. 'அவுட்டேட்டட் கிளையன்ட்' அல்லது 'அவுட்டேட்டட் சர்வர்' என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், வழி முழுக்கச் சரி, பதிப்பு மட்டும்தான் வேறு. உங்கள் நண்பர்களுக்கு வருவது 'டைம்டு அவுட்'. அனுப்பியதற்கு எந்தப் பதிலும் வரவில்லை, வழியில் யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ உங்கள் ஃபயர்வாலாக இருக்கலாம், ரவுட்டராக இருக்கலாம், நெட் கொடுக்கும் நிறுவனமாகவும் இருக்கலாம்.

இந்த மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. போர்ட் பார்வர்டிங் வீடியோக்களில் பெரும்பாலும் இது கடைசியில் ஒரு வரியாக வரும், இல்லையென்றால் வரவே வராது. நம் ஊரில் வீடுகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் அனுபவத்தில் சொல்கிறேன், ராத்திரி முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டியவர்களில் பலருக்கு ரவுட்டரில் கோளாறே கிடையாது.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, ஸ்டேட்டஸ் பகுதியில் 'வான் (WAN) ஐபி' அல்லது 'இன்டர்நெட் ஐபி' என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடி, வரும் தளம் ஒன்றில் காட்டும் எண்ணைப் பாருங்கள். அதில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக, இடையிடையே இரட்டைப் புள்ளியோடு (:) வந்தால் அது ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. நாம் இப்போது பார்க்க வேண்டியது நான்கு எண்களாக வரும் பழைய வகையான ஐபிவி4. ரவுட்டரில் இருந்ததும் இந்தத் தளம் காட்டியதும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று தனி முகவரி இருக்கிறது, போர்ட் பார்வர்டிங் வேலை செய்யும். ரவுட்டரில் இருப்பது 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, உங்கள் நெட் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். இதற்கு சிஜிநாட் (CGNAT) என்று பெயர்.

லைன் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடித்தனம், தெருவுக்கு ஒரே கதவு எண். உள்ளேயிருந்து நீங்கள் ஒருவருக்குக் கடிதம் போட்டால், பதில் வரும்போது 'இது மூன்றாவது வீட்டுக்காரர் போட்டதற்கு வந்த பதில்' என்று வாசலில் இருப்பவர் நினைவு வைத்திருந்து உங்களிடம் தருவார். அதனால்தான் யூடியூபும் வாட்ஸ்அப்பும் குறையில்லாமல் ஓடுகின்றன. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வெறும் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நேராக வந்தால், எந்த வீட்டுக்கு என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியாது, பதிலே சொல்லாமல் விட்டுவிடுவார். உங்கள் நண்பர்கள் அப்படி வருகிறவர்கள். உங்கள் ரவுட்டரில் நீங்கள் செய்த போர்ட் பார்வர்டிங், உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவிப்பு. வெளிவாசலில் இருப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை.

நிறுவனங்கள் வேண்டுமென்றே செய்யும் சதி அல்ல இது. ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் இருப்பும் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. 2012-இல் இந்தப் பகிர்வுக்கென்றே 100.64-இலிருந்து 100.127 வரையான பகுதியை ஒதுக்கினார்கள். வீட்டுக்கு வீடு ஃபைபரும் கைக்குக் கை ஸ்மார்ட்போனும் நம் நாட்டில் பரவியது அதற்கப்புறம்தான். புதிதாக வந்த நிறுவனங்களுக்கு, இருக்கும் முகவரிகளைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொரு சாத்தியமும் உண்டு. ரவுட்டரின் வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. சேலத்தில் இது சகஜம். கேபிள்காரர் ஃபைபரோடு ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார், அதில் வைஃபை சரியாக வராததால் அப்பா கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் சொருகியிருப்பார். இரண்டும் தனித்தனியாக முகவரி மாற்றும். நீங்கள் இரண்டாவதில் மட்டும் போர்ட்டைத் திறந்திருப்பீர்கள், முதல் பெட்டி மூடியே இருக்கும். இதற்குச் சுலபமான தீர்வு, வாங்கிய ரவுட்டரை, வைஃபை மட்டும் கொடுக்கும் 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு மாற்றிவிட்டு, ஃபைபர் பெட்டியில் மட்டும் போர்ட் பார்வர்டிங் செய்வது. மாறாக ஃபைபர் பெட்டியை, முகவரி மாற்றாமல் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் போடவும் சொல்லலாம், ஆனால் அதற்கு நெட்காரரிடமிருந்து யூசர்நேம், பாஸ்வேர்டு வாங்கி உங்கள் ரவுட்டரில் போட வேண்டும். எதைச் செய்தாலும், முடித்த பிறகு வான் ஐபியை மறுபடி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டி பிரச்சினையும் சிஜிநாட்டும் சேர்ந்தே இருக்கும் வீடுகளும் உண்டு.

சரி, எண்கள் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது போர்ட் பார்வர்டிங்கில் சறுக்கும் இடங்கள் சில. மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு போர்ட் எண் 25565, டிசிபி (டிசிபி, யுடிபி என்பவை டேட்டா அனுப்பும் இரு முறைகள்). வேறு கேமுக்கு மாறினால் இது மாறும்: டெரேரியா 7777 டிசிபி, ஃபேக்டோரியோ 34197 யுடிபி, வால்ஹைம் 2456, 2457 யுடிபி. டிசிபி தேவையான இடத்தில் யுடிபி திறந்து வைத்தால் திறக்காததற்குச் சமம். தனி சர்வர் போடாமல் கேமுக்குள்ளேயே 'ஓப்பன் டு லான்' அழுத்தி நடத்தினால், போர்ட் எண்ணை நீங்களாகக் கொடுக்காதவரை ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்; நேற்றுத் திறந்த போர்ட் இன்றைக்கு உதவாது. 1.19.3-இலிருந்து அந்தத் திரையிலேயே எண்ணை நாமே கொடுக்கலாம்.

இதைவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது கம்ப்யூட்டரின் உள் முகவரி. 192.168.1.5-க்குப் போர்ட்டைத் திருப்பியிருப்பீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும், சாயங்காலம் ரவுட்டர் திரும்ப எழும்போது அந்த 5 அம்மாவின் போனுக்குப் போயிருக்கும், உங்கள் கம்ப்யூட்டர் 8 ஆகியிருக்கும். எதையும் தொடாமலே நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று புலம்புவது இதனால்தான். ரவுட்டரில், வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பகுதியில் உங்கள் கம்ப்யூட்டருக்கென்று ஒரு முகவரியை ரிசர்வ் செய்துவிடுங்கள். வெளி முகவரியும் இதேபோல மாறக்கூடும். டக்டிஎன்எஸ், நோஐபி போன்ற சேவைகளில் ஒரு பெயர் எடுத்துக்கொண்டால் நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் புது எண் அனுப்ப வேண்டாம்.

சோதிக்கும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் வெளி ஐபியைப் போட்டுச் சேரப் பார்த்தால், பல ரவுட்டர்கள் விடாது. வெளியே போய்த் திரும்பி உள்ளே வரும் அந்த வழியை எல்லா ரவுட்டரும் ஆதரிப்பதில்லை. அதை வைத்து 'பார்வர்டிங் வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், போர்ட் சோதிக்கும் இணையதளம் ஒன்றைத் திறந்து வெளி ஐபியையும் 25565-ஐயும் கொடுத்துப் பாருங்கள். அப்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத சர்வரின் போர்ட் எப்போதும் மூடியதாகவே காட்டும். யுடிபி போர்ட்களை இந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றால் சோதிக்க முடியாது.

இப்போது ஃபயர்வால். முதல்முறை சர்வரை ஓடவிட்டபோது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்டிருக்கும். அவசரத்தில் அதை கேன்சல் செய்திருந்தால், விண்டோஸ் அந்த ஜாவாவுக்குத் தடை விதி ஒன்றை எழுதி வைத்துவிடும். பிறகு நீங்கள் எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் தடை விதிதான் ஜெயிக்கும். 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால்' அட்வான்ஸ்டு பக்கத்தில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலில் ஜாவா என்று தொடங்கும் வரிகளில் சிவப்புத் தடைக்குறி உள்ளவற்றை நீக்குங்கள். அப்புறம் டிசிபி 25565-க்கு மட்டும் ஓர் அனுமதி விதி எழுதுங்கள். உங்கள் வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்து, விதி 'பிரைவேட்'டுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தாலும் வேலை செய்யாது. வீட்டு நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கிவிடுங்கள். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கும் சொந்தமாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அதையும் எட்டிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில், மூன்று பேரும் மூன்று வேறு இடங்களிலிருந்து ஒரே மாதிரி டைம்டு அவுட் ஆகிறார்கள், ஃபயர்வாலை அணைத்தும் மாறவில்லை என்பதால், என் ஊகம் சிஜிநாட்தான். அப்படியென்றால் வழிகள் இவை.

கொஞ்சப் பேர், தெரிந்த நண்பர்கள் மட்டும் என்றால் நான் முதலில் சொல்வது டெயில்ஸ்கேல் அல்லது ஸீரோடியர். எல்லோரும் அதை நிறுவிக்கொண்டால், ஊர் ஊராக இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பதுபோல ஆகிவிடும். போர்ட் பார்வர்டிங்கே வேண்டாம், வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது, உங்கள் அளவுக்குச் செலவும் இல்லை. இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து வெளியே பேசத் தொடங்குவதால், பெரும்பாலும் இருவருக்கும் நேரடி வழி கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் இடையில் ஒரு ரிலே சர்வர் வழியாகப் போகும், அப்போது லேக் கூடும். டெயில்ஸ்கேலில் 'ஸ்டேட்டஸ்' கட்டளையை ஓட்டிப் பார்த்தால் டைரக்டா ரிலேயா என்று அதுவே சொல்லும். டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரியும் அதே 100.64 முதல் 100.127 வரையான பகுதியிலிருந்துதான் வரும். அதைப் பார்த்துவிட்டு சிஜிநாட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நண்பர்கள் எதையும் நிறுவ மாட்டார்கள் என்றால் பிளேஇட் போன்ற டனல் சேவை. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் ஓடும், அவர்களுக்கு ஒரு முகவரி கிடைக்கும். இதில் எல்லாப் போக்குவரத்தும் அந்தச் சேவையின் சர்வர் வழியாகப் போகிறது, அந்த சர்வர் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே. சென்னையிலிருந்து கடலடி கேபிளில் சிங்கப்பூர் போய்த் திரும்பவே 30 மில்லிசெகண்ட் ஆகும். ஐரோப்பா என்றால் 100-ஐத் தாண்டிவிடும். கட்டடம் கட்டி விளையாட அது போதும், சண்டை போட்டு விளையாடப் போதாது.

மூன்றாவது, நெட் நிறுவனத்திடமே ஸ்டேட்டிக் ஐபி கேட்பது. மாதாமாதம் தனிக் கட்டணம் இருக்கும், சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குத் தருவதில்லை. கேட்கும்போது 'பப்ளிக் ஐபி' என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேமுக்கு மட்டும் என்றால் இந்தச் செலவு தேவையில்லை என்பேன். வீட்டு கேமராவுக்கும் அப்பாவின் கடைக்கும் சேர்த்துப் பயன்பட்டால் வாங்கலாம். ஐபிவி6 என்ற வழியும் இருக்கிறது, அதில் முகவரிப் பஞ்சம் கிடையாது. ஆனால் உங்கள் பக்கமும் நண்பர்கள் மூவர் பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலிலும் தனியாகத் திறக்க வேண்டும். எல்லோருக்கும் பொருந்துவது அபூர்வம். பத்துப் பதினைந்து பேர் தினமும் வருவார்கள் என்றால் மும்பையிலோ சென்னையிலோ ஒரு கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுப்பதே நிம்மதி.

ஏற்காட்டில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன் விஷயம் தனி. அவர் போனில் விளையாடுகிறாரா, கம்ப்யூட்டரிலா என்று கேளுங்கள். போனில் இருப்பது பெட்ராக் பதிப்பு; அது 19132 யுடிபியில் பேசும் வேறு கேம், ஜாவா சர்வரில் நேரடியாகச் சேரவே முடியாது. கெய்சர் என்ற கூடுதல் நிரலை சர்வரில் போட்டால் போனிலிருந்தும் சேரலாம். கம்ப்யூட்டரில்தான், ஆனால் மொபைல் டேட்டாவில் என்றால், இணைவார், பிறகு அடிக்கடி துண்டாகும். மலையில் மேடு பள்ளமும் மரமும் சிக்னலை மறைக்கின்றன, மழைக்காலத்தில் மரம் விழுந்து ஃபைபரே அறுவதும் நடக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு இருபது கொண்டை ஊசி வளைவு தூரம்தான், ஆனால் இருவரும் வேறு வேறு நிறுவனத்தில் இருந்தால் பாக்கெட் (நெட்டில் போகும் டேட்டா துண்டு) அந்த மலைப்பாதையில் ஏறாது. பெரும்பாலும் சென்னை போன்ற பெரிய ஊரில் இரண்டு நெட்வொர்க்கும் சேரும் இடம் வரை போய்த்தான் திரும்பி வரும். அதனால் பக்கத்து ஊர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் பிங் (டேட்டா போய்த் திரும்பும் நேரம்) ஒன்றுபோல இருந்தால் அதில் கோளாறு எதுவும் இல்லை. பிங் எண் குதித்துக் குதித்து மாறினால்தான் கவலைப்பட வேண்டும். அவரை ஜன்னலோரம் போனை வைத்து, யுஎஸ்பி கேபிளில் ஹாட்ஸ்பாட் எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் சேர்ந்த பிறகு லேக் என்று புகார் வந்தால், நெட்டைத் திட்டுவதற்கு முன் சர்வர் திரையைப் பாருங்கள். 'கான்ட் கீப் அப்' என்று வரி ஓடினால் அது நெட் பிரச்சினையே அல்ல. சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்கிட வேண்டும், ஒரு முறைக்கு 50 மில்லிசெகண்ட். உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் திணறுகிறது. வியூ டிஸ்டன்ஸ் 10-இல் இருப்பதை 6 ஆக்குங்கள், அதே கம்ப்யூட்டரில் குரோமை மூடுங்கள். அந்த வரி வரவில்லை, பிங் மட்டும் எகிறுகிறது என்றால் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லான் கேபிள் இழுங்கள். இதற்கு ஈடாக எந்த செட்டிங்கும் கிடையாது. வீட்டில் யாராவது போட்டோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தாலும் அப்லோடு அடைத்துக்கொள்ளும்.

ஒரு விசித்திரமான கோளாறும் உண்டு: சேர்ந்துவிடுவார்கள், ஆனால் 'லோடிங் டெரெய்ன்' திரையிலேயே நிற்பார்கள். சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) வழியாக வரும் ஃபைபரில் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500 அல்ல, 1492. ரவுட்டரில் அதைச் சரிபாருங்கள். டனல் வழியாக விளையாடினால் 1400-க்குக் குறைத்துப் பாருங்கள்.

போர்ட்டைத் திறந்து நடத்துவதாக முடிவானால் ஒயிட்லிஸ்ட்டைக் (பட்டியலில் உள்ளவர்களை மட்டும் சேரவிடும் வசதி) கட்டாயம் போடுங்கள். 25565 திறந்திருக்கும் முகவரிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் இருக்கின்றன, யாரிடமும் நீங்கள் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்து வருவார்கள். சர்வர் பதிப்பையும் பழையதாக விடாதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, சாட்டில் ஒரு வரி எழுதியே மைன்கிராஃப்ட் சர்வர் ஓடும் கம்ப்யூட்டரைக் கைப்பற்ற முடிந்தது, 1.18.1-இல்தான் அதைச் சரிசெய்தார்கள். அதே காரணத்துக்காக, உங்கள் கம்ப்யூட்டரை ரவுட்டரின் டிஎம்இசட்டில் வைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். ஒரு போர்ட் திறக்க வேண்டிய இடத்தில் எல்லாப் போர்ட்டையும் திறந்து வைப்பது அது.

இவ்வளவும் பார்த்து இன்னும் வரவில்லை என்றால் மூன்று விவரம் அனுப்புங்கள்: நண்பர்களுக்கு வரும் செய்தி அப்படியே, ரவுட்டரின் வான் ஐபியில் முதல் இரண்டு எண்கள், மொபைல் டேட்டாவில் போர்ட் சோதித்தபோது வந்த முடிவு. முழு ஐபியை எங்கேயும் எழுத வேண்டாம். முதல் இரண்டு எண்களே எனக்குப் போதும்.